மதிலோரத்துக்கு இட்லிப்பூவா, கல்வாழையா?

கேள்வி: புதுமனை

வணக்கம். திருச்சிக்குத் தெற்கே, வயலாக இருந்து அண்மையில் மனைப்பிரிவாக மாறிய ஒரு பகுதியில் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறோம். வாசல் கிழக்குப் பார்த்தது. வீட்டுக்கு முன்னால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 15 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள இடத்தை மட்டும் சிமெண்ட் தளம் போடாமல் மண்ணாகவே விட்டிருக்கிறோம். காலை எட்டு மணியளவில் சுவரின் நிழல் விலகியதும் தொடங்கும் வெயில் நண்பகல் தாண்டும்வரை நன்றாக விழுகிறது. அதன் பிறகு வீட்டின் நிழல் வந்துவிடும்.

இந்த இடத்தில் என்ன வைப்பது என்பதில் வீட்டில் இரண்டு கட்சிகள். அம்மாவுக்குச் சிவப்பு இட்லிப்பூச் செடி வேண்டும். பூசைக்குப் பறிக்கலாம், ஒரு முறை வைத்துவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை, செடியும் அடர்ந்து வேலி போல நிற்கும் என்கிறார். என் மனைவி கல்வாழைதான் சரி என்கிறார். நட்ட மூன்று மாதத்தில் பூக்கும், கிழங்கிலிருந்து தானாகக் கன்று விட்டுப் பெருகும், பிடிக்காமல் போனால் தோண்டி எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய வாதம். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.

சில விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். போர்வெல் தண்ணீர் மட்டுமே உண்டு; வாளியிலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவு கட்டுகிறது. ஒவ்வொரு மே மாதமும் இரண்டு வாரங்கள் ஊருக்குப் போய்விடுவோம். வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. இன்னொன்று, எதிர்வீட்டார் வைத்த இட்லிப்பூச் செடி எப்போதும் மஞ்சளாகவே நிற்கிறது; யூரியா வைத்தும் பச்சை திரும்பவில்லை என்கிறார்கள். செடி வகையே அப்படியா, அல்லது எங்கள் பகுதி மண்ணில் ஏதேனும் குறையா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: செம்பூரான்

உங்கள் கேள்விக்கான பாதி விடை எதிர்வீட்டுச் செடியிலேயே இருக்கிறது. நாளை காலை அதன் அருகில் போய் மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளுத்து, நுனி இலைகள் பச்சையாக இருந்தால் அது தழைச்சத்துப் பற்றாக்குறை. அதற்கு யூரியாவோ தொழு உரமோ போதும். நுனிக் கொழுந்துகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சை வலையாகத் தெரிந்து, அடி இலைகள் ஓரளவு நன்றாக இருந்தால் அது இரும்புச்சத்து கிடைக்காததன் அடையாளம். யூரியா போட்டும் மாறவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அப்படியானால் யூரியா போடப் போட, புதிதாக வரும் கொழுந்துகள் எல்லாம் மஞ்சளாகவே வரும்.

மண்ணில் இரும்பு இல்லாததால் இப்படி ஆவதில்லை. இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாத நிலையில் இருக்கிறது. மண்ணின் கார அமில நிலை (pH) 7-ஐத் தாண்டி மேலே போகப் போக இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். இட்லிப்பூ அதைத் தாங்காத செடிகளில் ஒன்று. வெட்சி என்று நம் முன்னோர் சொன்ன இச்செடி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. செம்பூரான் கல் என்னும் செந்நிறப் பாறை நிறைந்த, மழை மிகுந்த, சற்றே புளிப்பான மண்தான் அதற்குச் சொந்த வீடு. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எந்தக் கவனிப்பும் இன்றி வேலியோரத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும் அதே செடி, திருச்சியில் உரம் போட்டும் வாடுவதற்கு இதுவே காரணம்.

உங்கள் இடத்தில் மூன்று சங்கடங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, ஊரின் தென்பகுதி மண். நாவலூர் குட்டப்பட்டில் உள்ள வேளாண் கல்லூரி காரம் மிகுந்த களர் நிலத்துக்கென்றே டி.ஆர்.ஒய். என்ற பெயரில் நெல் இரகங்களை வெளியிட்டிருக்கிறது என்றால், சுற்றுவட்டாரத்தில் அந்தச் சிக்கல் எவ்வளவு பரவியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாவது, வாளியில் வெள்ளையாகப் படியும் தண்ணீர். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் நீங்கள் மண்ணில் கொஞ்சம் சுண்ணாம்பையும் சேர்த்தே ஊற்றுகிறீர்கள். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. புதிய மதிலோரத்தில், பூசும்போது கீழே சிந்திய கலவை, கொத்தனார் கலவைச்சட்டி கழுவி ஊற்றிய தண்ணீர், உடைந்த செங்கல், சல்லி ஆகிய எல்லாம் மேலே தூவிய ஒரு சாண் செம்மண்ணுக்கு அடியில் புதைந்து கிடக்கும். வீடு முடிந்ததும் அழகுக்காக ஒரு லோடு செம்மண் கொட்டிச் சமன்செய்து விடுவார்கள். செடி வைத்த முதல் சில மாதங்கள் நன்றாக இருந்து, வேர் கீழே இறங்கியதும் மஞ்சளிக்கத் தொடங்கும். நர்சரியில் வாங்கியபோது பளபளவென்று இருந்ததே என்று பிறகு எல்லோரும் வியப்பார்கள்.

ஆகவே முதலில் மண்ணைப் பாருங்கள். சுவரிலிருந்து அரை அடி, ஒன்றரை அடி, இரண்டரை அடி என மூன்று இடங்களில் கடப்பாரையால் ஒன்றரை அடி ஆழம் குத்தி, அடிமண்ணை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்த மண்ணை ஒரு தட்டில் பரப்பி அதன்மேல் சில சொட்டு வினிகர் விட்டு, காதருகே வைத்துக் கேளுங்கள். நுரை பொங்கினாலோ, மெல்லிய சீறல் கேட்டாலோ அங்கே சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். துல்லியமான எண் வேண்டுமானால் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம்; ஆனால் இந்த முடிவுக்கு வினிகரே போதும்.

குத்துச்செடியா கிழங்குச்செடியா என்ற கேள்வியை நான் இப்படித்தான் பார்க்கிறேன். இட்லிப்பூ மெதுவாக வளரும் செடி. நீங்கள் எதிர்பார்க்கும் அடர்த்திக்கு வர மூன்று ஆண்டுகளேனும் ஆகும். அதற்குப் பிறகு அதைப் பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. அதாவது குழி தோண்டும் நாளிலேயே மண் சரியாக இருந்தாக வேண்டும். கல்வாழை அப்படியன்று, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எப்படியும் தோண்டிப் பிரித்து நடத்தான் வேண்டும், அப்போது மண்ணையும் திருத்திக்கொள்ளலாம். மண் எப்படிப்பட்டது என்று தெரியாதவரை கிழங்கு வைப்பதில் இழப்பு குறைவு.

பதில்: கல்லணைக் கால்வாய்

செம்பூரான் அவர்கள் மண்ணைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன், ஏனெனில் கல்வாழை வைப்பதில் இழப்பே இல்லை என்பது போன்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிடக் கூடாது.

கல்வாழை பெரிய இலைகள் கொண்ட தாகமுள்ள செடி. அந்தக் காலத்தில் வீட்டுக் கொல்லையில் குளியலறைத் தண்ணீர் வெளியேறும் வாய்க்கால் ஓரமாகத்தான் அதை வைத்தார்கள். சேம்பும் கல்வாழையும் அங்கேதான் செழிக்கும். உங்கள் 45 சதுர அடி ஏறக்குறைய 4 சதுர மீட்டர். கோடையில் நம் பகுதியில் நன்றாக மூடிய பயிர்ப்பரப்பு நாள் ஒன்றுக்கு 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை நீரை ஆவியாக்கும் என்று கணக்கிட்டால், கத்திரி வெயில் நாள்களில் அந்தப் பாத்திக்கு மட்டும் நாளைக்கு 25 லிட்டருக்கும் மேல், அதாவது இரண்டு குடம் தேவைப்படும். ஊற்றாவிட்டால் இலை விளிம்புகள் தீய்ந்து பழுப்பாகும். அதுவும் உப்புத் தண்ணீராக இருந்தால் தீய்ந்த விளிம்பு இன்னும் அகலமாக இருக்கும்.

அதே நேரத்தில், நீங்கள் மே மாதத்தில் இரண்டு வாரம் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்பது கல்வாழைக்குப் பாதகமாகத் தோன்றினாலும் உண்மையில் சாதகமான செய்தி. திரும்பி வரும்போது மேலே உள்ளதெல்லாம் காய்ந்து சருகாகக் கிடக்கலாம், அதைப் பார்த்து அம்மா திட்டவும் செய்யலாம். ஆனால் தரையோடு அறுத்துவிட்டுத் தண்ணீர் காட்டினால் கிழங்கிலிருந்து புதுத்தண்டு கிளம்பிவிடும். முதலாண்டு இட்லிப்பூக் கன்றை அதே இரண்டு வாரம் காயவிட்டால் அது திரும்பி வராது. வேரூன்றி மூன்று ஆண்டுகள் ஆன இட்லிப்பூவாக இருந்தால் வாரம் இரண்டு தண்ணீரில் கோடையைக் கடத்திவிடும் என்பதும் உண்மை. எனவே குத்துச்செடிக்கு உழைப்பு முதலில். கிழங்குச்செடிக்கு உழைப்பு எப்போதும். எந்த உழைப்பு உங்களால் முடியும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கல்வாழையின் அன்றாட வேலையையும் உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். ஒரு தண்டு ஒரு முறைதான் பூக்கும். பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு அறுத்தால்தான் பக்கக் கன்று உயரும். அறுக்காமல் விட்டால் ஒரே ஆண்டில் பாத்தி சருகுக் காடாகிவிடும். காய்ந்த தண்டும் இலையும் அடியில் உயரமாகக் குவிய விட வேண்டாம். புதுமனைப்பிரிவில், பக்கத்து மனைகள் வெறும் புதராகக் கிடக்கும் இடத்தில், பாம்பு அடைவதற்கு அது இடமாகிவிடும்.

குளியலறைத் தண்ணீரை இந்தப் பாத்திக்குத் திருப்ப வழி இருக்கிறதா என்பதையும் தெரிவியுங்கள். செப்டிக் டேங்கிலிருந்து வழியும் தண்ணீரைச் சொல்லவில்லை. அதை வாசல் பக்கம் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

பதில்: நெல்லைத் தோட்டம்

இட்லிப்பூ, கல்வாழை இரண்டோடு ஏன் நின்றுவிட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி. அம்மா கேட்பது பூசைக்குப் பூவும் பல்லாண்டு நிற்கும் செடியும் என்றால் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் இருக்கின்றனவே!

நந்தியாவட்டை அரை நிழலையும் தாங்கும், மண்ணைப் பற்றி இட்லிப்பூ அளவுக்கு முரண்டு பிடிக்காது, பெரும்பாலும் ஆண்டு முழுவதும் பூக்கும். அதற்கு வரும் முக்கியமான தொல்லை ஒன்றுதான்: விரல் பருமனில் பச்சைப் புழு ஒன்று, தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு நீலக் கண்கள் போன்ற புள்ளிகளோடு, ஒரே இரவில் ஒரு கிளையை மொட்டையாக்கிவிடும். அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. பார்க்கப் பயமாக இருந்தாலும் கடிக்காது. கையால் எடுத்துப் போட்டுவிடலாம். கிளையை ஒடித்தால் வடியும் பால் குழந்தையின் கண்ணிலும் வாயிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்திக்கு வெயில் கூடுதலாக வேண்டும். உங்கள் அரை நாள் வெயில் போதுமானது. ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும் என்றாலும் அன்றன்று பூசைக்குப் பறிப்பவர்களுக்கு அது குறையன்று. மாவுப்பூச்சிதான் அதன் தலைவலி. 2008-இல் கோயம்புத்தூர் வட்டாரத்தில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரியோடு வீட்டுச் செம்பருத்திகளையும் சூறையாடியது. எந்த மருந்துக்கும் அடங்காத அதனை, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், செம்பருத்தியில் வெள்ளையாக எதையாவது பார்த்தவுடன் கடையில் கிடைக்கும் கடுமையான மருந்தை அடித்தால் அந்தக் குளவிகளும் செத்துப்போகும், மாவுப்பூச்சி மட்டும் மறுபடி வரும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்துக் கழுவுவதும், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்வதும், மொய்த்த நுனியை வெட்டி எரிப்பதும் போதும்.

அரளியை மட்டும் யார் சொன்னாலும் வைக்காதீர்கள். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் எந்த மண்ணிலும் எந்த வெயிலிலும் பூத்து நிற்பதைப் பார்த்து ஆசை வரும். ஆனால் செடி முழுவதும் நஞ்சு. மஞ்சள் அரளியின் விதை அதைவிடக் கொடியது. சிறு குழந்தை இருக்கும் வீட்டு வாசலுக்கு அது ஆகாது.

பதில்: புதுமனை

மூவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன். எதிர்வீட்டுச் செடியில் கொழுந்துகள்தான் வெளிறியிருக்கின்றன. நரம்புகள் பச்சை வலையாகவே தெரிகின்றன. எங்கள் இடத்தில் சுவரிலிருந்து அரை அடியிலும் ஒன்றரை அடியிலும் எடுத்த அடிமண்ணில் வினிகர் நன்றாகப் பொங்கியது. இரண்டரை அடியில் எடுத்ததில் பொங்கவில்லை, ஆனால் காதில் வைத்தால் சீறல் கேட்கிறது. கடப்பாரை முக்கால் அடிக்குக் கீழே பல இடங்களில் செங்கல்லில் முட்டியது. குளியலறை வீட்டின் பின்புறம் இருப்பதால் அந்தத் தண்ணீரை முன்பக்கம் கொண்டுவர வழியில்லை.

அப்படியானால் அடிமண் முழுவதையும் அள்ளிவிட்டு நல்ல செம்மண் நிரப்பினால் இட்லிப்பூ வைக்கலாமா? இரும்புச்சத்துக்கு மருந்து ஏதேனும் அடித்துச் சமாளிக்க முடியுமா? அம்மா விட்டுக்கொடுப்பதாகத் தெரியவில்லை. நந்தியாவட்டை சமாதியில் வைப்பது என்று அவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

பதில்: செம்பூரான்

அடிமண்ணை அள்ளி நிரப்பலாம், செலவும் செய்யலாம், ஆனால் அது நிலைக்காது என்பது என் கருத்து. இரண்டடி ஆழத்துக்கு அள்ளினாலும் பக்கவாட்டில் சுவரின் அடித்தளமும் அதன் கலவையும் அங்கேயே இருக்கும். அதைவிட முக்கியம், நீங்கள் ஊற்றப் போவது அதே போர்வெல் தண்ணீர். புதுச் செம்மண் ஓரிரு ஆண்டுகளில் பழைய நிலைக்கே திரும்பும். கந்தகத் தூள் கலந்தால் காரம் குறையும் என்று சிலர் சொல்வார்கள். கந்தகம் நுண்ணுயிர்களால் மெல்ல அமிலமாகி வேலை செய்வது உண்மைதான். ஆனால் வினிகர் பொங்கும் அளவுக்குச் சுண்ணாம்பு உள்ள மண்ணில் அந்த அமிலம் முழுவதும் சுண்ணாம்பைக் கரைப்பதிலேயே தீர்ந்துபோகும். மண்ணின் நிலை அசையாது.

மருந்தைப் பொறுத்தவரை, நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று கேட்டால் கிடைப்பது இரும்பு சல்பேட்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, மாலை வேளையில் இலைகளின் மேல் தெளித்தால் சில நாள்களில் பச்சை திரும்பும். தெளித்த இலைக்கு மட்டுமே அது பயன்படும். அடுத்து வரும் கொழுந்து மறுபடி மஞ்சளாகவே வரும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். புதிதாக வெள்ளையடித்த மதிலில் அது பட்டால் துருக்கறை போகவே போகாது. அன்னபேதியை மண்ணில் போடுவது வீண். சுண்ணாம்பு அதைச் சில நாள்களிலேயே கட்டிப்போட்டுவிடும். கார மண்ணிலும் நிலைத்து நிற்கும் ஈடிடிஎச்ஏ (EDDHA) என்ற வகை இரும்பு உரம் செம்பழுப்புத் தூளாகக் கிடைக்கிறது. அது மண்ணிலேயே வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். விலை குறைவாகக் கிடைக்கும் ஈடிடிஏ (EDTA) வகை இந்த மண்ணில் நிற்காது. வாங்கும்போது உறையில் எழுத்துகளை எண்ணிப் படித்து வாங்குங்கள்.

ஒரு செடியை ஆண்டு முழுவதும் மருந்தில் நிறுத்தி வைப்பது எனக்கு உவப்பான தோட்டக்கலை அன்று. அம்மாவின் விருப்பத்தை நிறைவேற்ற வேறு வழி உண்டு: இட்லிப்பூவைத் தரையில் வைக்காமல் தொட்டியில் வையுங்கள். கடைகளில் நிற்கும் புதுச் சிமெண்ட் தொட்டி வேண்டாம், அதிலிருந்தே சுண்ணாம்பு கசியும். பாதியாக அறுத்த நீல நிற பிளாஸ்டிக் டிரம் போதும். அடியில் நாலைந்து துளைகள் போட்டு, செம்மண், மக்கிய இலை உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் கலந்து நிரப்புங்கள். நர்சரியிலிருந்து வரும் குட்டை இட்லிப்பூக்களில் பல, ஆந்திரத்தின் கடியம் பகுதியிலிருந்து வருபவை. அவற்றின் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகியிருந்தால், வாளித் தண்ணீரில் ஊறவைத்து வெளிப்பக்கக் களியை மெல்லக் கரைத்துவிட்டு நடுங்கள். இல்லாவிட்டால் வேர் அந்த உருண்டையைவிட்டு வெளியே வராது.

தண்ணீருக்கு மாடியைப் பாருங்கள். 2003 முதல் நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் மாடியிலிருந்து குழாய் இறங்கியிருக்கும். 1,000 சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,800 லிட்டர் இறங்கும். அதில் சிறு பகுதியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மூடிப் பிடித்து வைத்தாலே இரண்டு டிரம் செடிகளுக்குப் பல வாரம் வரும். மழைநீர் தீர்ந்த கோடையில் போர்வெல் தண்ணீரை ஊற்றினாலும், அடுத்த ஐப்பசி மழை டிரம்மில் சேர்ந்த உப்பைக் கழுவி இறக்கிவிடும். தரையில் இது நடக்காது.

பதில்: திண்டுக்கல் பூக்கூடை

இடையில் ஒரு சொல். கல்வாழைப் பூ பறித்தவுடன் துவண்டுவிடும். தொடுத்து வைக்கவும் முடியாது, சாமிப் படத்துக்கு அருகில் வைத்தாலும் மாலைக்குள் ஈரத்துணி போலாகிவிடும். பூசைக்குப் பூ என்பது அம்மாவின் முதல் தேவையாக இருந்தால், கிழங்குச்செடியிலேயே சம்பங்கியை நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் நிலக்கோட்டையிலும், வடமேற்கே சத்தியமங்கலத்திலும் ஏக்கர் கணக்கில் பயிராவது அதுதான். கார அமில நிலை 7-ஐச் சற்றுத் தாண்டினாலும் தாங்கும், ஒரு முறை நட்டால் மூன்று ஆண்டுகள்வரை பூக்கும், பிறகு கிழங்கைப் பிரித்து நடலாம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் என்ற ஒற்றை அடுக்கு இரகம் தொடுப்பதற்கு நன்றாக இருக்கும். மொட்டில் லேசான இளஞ்சிவப்பு ஓடும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், ஆகவே பாத்தியைத் தரையைவிட ஓர் அடியாவது உயர்த்துங்கள். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்: பூ இல்லாத நாள்களில் அது வெறும் புல் போலத்தான் தெரியும். வாசலுக்கு அழகு தேடுபவர்களுக்கு அது ஏமாற்றம் தரலாம்.

பதில்: புதுமனை

நேற்று இரவு இந்தப் பதில்களை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தரையில் கல்வாழை, வாசற்படியின் இருபுறமும் மழைநீரில் வளரும் இட்லிப்பூ டிரம் இரண்டு என்று முடிவாகியிருக்கிறது. சம்பங்கியின் மணம் அம்மாவுக்குத் தலைவலி தரும் என்பதால் அதை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டோம். இப்போது ஆனி மாதம் நடக்கிறது; உடனே நட்டுவிடலாமா? செங்கல் புதைந்த இடத்தில் கல்வாழைக்கு எவ்வளவு ஆழம் சுத்தம் செய்ய வேண்டும்? எத்தனை கிழங்கு தேவைப்படும்?

பதில்: கல்லணைக் கால்வாய்

ஆனியிலும் ஆடியிலும் நட வேண்டாம். ஆடிக்காற்றில் இளம் இலைகள் நார் நாராகக் கிழியும், தண்ணீரும் கூடுதலாகச் செலவாகும். இந்த இரண்டு மாதங்களை மண்ணுக்குக் கொடுங்கள். ஓர் அடி ஆழத்துக்கு வெட்டிப் புரட்டி, கைக்கு அகப்படும் செங்கல்லையும் காய்ந்த கலவைக் கட்டிகளையும் பொறுக்கி வெளியே போடுங்கள். கல்வாழையின் கிழங்கு பெரும்பாலும் மேல் அரை அடிக்குள்ளேயே படரும் என்பதால் அதற்குக் கீழே போக வேண்டியதில்லை. நன்றாக மக்கிய தொழு உரம் ஐந்தாறு கூடை கலந்து, மேலே சருகு மூடாக்குப் போட்டு, வாரம் ஒரு முறை நனைத்து வையுங்கள். சாம்பலைப் போடாதீர்கள், அது காரத்தை இன்னும் ஏற்றும்.

ஆவணி நடுவில் தொடங்கிப் புரட்டாசிக்குள் நட்டால், வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண்களேனும் இருக்கும்படி கிழங்கை வெட்டி, கண் மேல்நோக்கி இருக்க, மூன்று அங்குல ஆழத்தில் ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி ஒரே வரிசையாக நட்டால் பத்துத் துண்டுகள் போதும். ஒரே ஆண்டில் அது இடம் கொள்ளாமல் பெருகும், இப்போதே நெருக்கி நட வேண்டாம். மூன்றடிக்கு மேல் வளராத குட்டை வகையையே கேளுங்கள், உயர வகை உங்கள் காற்றுக்குச் சாயும்.

கிழங்கை யாரிடம் வாங்கினாலும் தோண்டுவதற்கு முன் நேரில் போய் இலையைப் பாருங்கள். நரம்பை ஒட்டி மஞ்சள் கோடுகளோ திட்டுகளோ ஓடியிருந்தால் அது வைரஸ் நோயாக இருக்கக்கூடும். அதற்கு மருந்து கிடையாது, கிழங்கின் வழியாகவே உங்கள் பாத்திக்கும் வந்துசேரும். அத்தகைய தூரிலிருந்து இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.